சனிக்கிழமை உட்காரும் வண்டி

3.9.83, சனி

பால் வாங்கப் போகும்போதே பார்த்தேன். சாபின் மோட்டார் சைக்கிள் பின்பக்கம் தாழ்ந்து, எழுந்திருக்க மனமில்லாத எருமை மாதிரி கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நான் எதைத்தான் யாரிடம் சொல்லியிருக்கிறேன்?

அண்ணன் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் ஒரு எம்பஸியில் வெளிநாட்டு அதிகாரிக்கு டிரைவர்; அவரைத்தான் நாங்கள் சாப் என்போம். சாப் லீவில் ஊருக்குப் போகும்போது இந்த வண்டியை நம்பி டெல்லி மோதி பாக்கில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் விட்டுப் போனார். பத்தொன்பதாம் தேதி வந்ததும் இதிலேயே சிம்லா போகிறாராம்.

“வண்டி இப்படிக் குந்திக்கினு இருந்தா என் நௌக்ரி காலி, மரகதம். வேல போச்சு.”

4.9.83, ஞாயிறு

வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை என் கையில் திணித்தான். “ஏ பி.ஏ., படி.” எங்கள் வீட்டில் முதல் பி.ஏ. நான்தான். எகனாமிக்ஸில் ஷாக் அப்சார்பர் வரவில்லை என்றால் யார் கேட்கிறார்கள்?

படித்துச் சொன்னேன். பின்னால் ஸ்பிரிங் மட்டும் இல்லை, காற்றும் சேர்ந்துதான் சுமையைத் தாங்குகிறது. சீட்டுக்குக் கீழே சைக்கிள் டியூபில் இருப்பது போல ஒரு வால்வு. அதன் மூடி இப்போது இல்லை. அது என்னவென்று பார்க்க, வண்டி வந்த அன்றைக்கே அண்ணன் கழற்றியதில் சாக்கடைக்குள் உருண்டுவிட்டது. பெட்ரோல் பங்க் காற்று கூடாது, உள்ளே கிழிந்துவிடும். கைப் பம்பால் கொஞ்சமாக அடிக்க வேண்டும்.

அடித்தான். நான் உட்கார்ந்து பார்த்தேன். பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி கெட்டியாக இருந்தது. ஏறுகிறவர் எடைக்குத் தகுந்தபடிதான் காற்று என்று பிறகுதான் அடுத்த பக்கத்தில் பார்த்தேன்.

“உன் வெயிட் இன்னா?”

மெல்லச் சொன்னேன்.

“சத்தமா சொல்லு!”

மாடியிலிருந்து கௌர் ஆன்ட்டி எட்டிப் பார்த்து, “வெட்கம் எதுக்கு மகளே? நான் எண்பத்தாறு கிலோ!” என்று இந்தியில் கத்தினாள். தெரு முழுக்கச் சிரித்தது. புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன்.

7.9.83

வண்டி நிமிர்ந்து நிற்கிறது. அண்ணன் விசிலடிக்கிறான்.

10.9.83, சனி

மறுபடியும் உட்கார்ந்துவிட்டது.

மறுபடி காற்றடித்து, சோப்புத் தண்ணீரைக் குழாய், இணைப்பு எல்லாவற்றிலும் தடவினோம். ஒரு குமிழிகூட இல்லை. அப்பா ஆபீஸில் பியூன், காற்றைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் குனிந்து பார்த்துவிட்டு, “போன சனியும் இப்படித்தானே?” என்றார்.

அண்ணன் முகம் வெளுத்தது. “சனி புடிச்சிருக்கு.”

அம்மா உடனே, “வர்ற வெள்ளிக்கெழம பூஜய பலமா செஞ்சிடலாம்,” என்றாள்.

எகனாமிக்ஸில் சனி பகவானும் வரவில்லை. ஆனால் ஏன் சனிக்கிழமை மட்டும்? காற்றுக்குக் கிழமை தெரியுமா?

16.9.83, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது.

சாயங்காலம் அம்மா கற்பூரத் தட்டோடு வண்டியைச் சுற்றி வந்தாள். ஹெட்லைட்டுக்குச் சந்தனம், குங்குமம். ஹாண்டிலுக்கு இரண்டு பக்கமும். டேங்குக்கு மூன்று. கடைசியில் குனிந்து, தீக்குச்சியில் சந்தனத்தைத் தொட்டு, சீட்டுக்குக் கீழே அந்த வால்வின் ஓட்டைக்குள் அழுத்தி ஒரு பொட்டு.

புஸ்ஸ்ஸ்ஸ்.

வண்டி மெல்ல உட்கார்ந்தது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். “பாத்தியா, வாரா வாரம் பொட்டு வெச்சதும் பெருமூச்சு வுடுது. மனசு குளுந்து போச்சு அதுக்கு.”

சொல்லலாமா? அம்மா மனசு நொந்துபோகும். சொல்லாவிட்டால் அண்ணன் வேலை போகும். அப்புறம் எப்படித்தான் வந்ததோ —

“அம்மா! அது வண்டிக்கு மூக்கும்மா! மூக்குல குச்சி வுட்டா மூச்சு எப்பிடி நிக்கும்?”

தெருவுக்கே கேட்டிருக்கும். என் குரலா அது?

அம்மா பயந்துபோய் வண்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “தெரியாம செஞ்சிட்டேன் சாமி.” அண்ணனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வால்வின் ஊசியைக் கழற்றி, சந்தனத்தைத் துடைத்து மாட்டி, காற்றடித்துவிட்டு, புது மூடி தேடி கரோல் பாக் கடைத்தெருவுக்கு ஓடினான்.

17.9.83, சனி

நிற்கிறது! சனிக்கிழமை, நிற்கிறது!

19.9.83, திங்கள்

சாப் வந்தார். வண்டியில் ஏறி ஒரு குலுக்குக் குலுக்கினார். திருப்தி. ஆனால் சீட்டுக்குக் கீழே மஞ்சளாக ஏதோ காய்ந்திருப்பதைக் காட்டி, என்ன இது என்று கேட்டார். அண்ணன் என்னை முன்னால் தள்ளிவிட்டான்.

ஆங்கிலத்தில் சொன்னேன். மூக்கு, தீக்குச்சி, பெருமூச்சு, எல்லாம். பரீட்சைத் தாளுக்கு வெளியே நான் பேசிய முதல் ஆங்கிலம். சாப் சிரித்துச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனுக்கு வேலை போகவில்லை.

23.9.83, வெள்ளி

சாயங்காலம் வாசலில் பெரிய வண்டிச் சத்தம். சாப். நாளைக்கு சிம்லா புறப்படுகிறாராம். மழையில் அழிந்துபோன ஹெட்லைட் பொட்டைக் காட்டி, அம்மாவைப் பார்த்துக் கை கூப்பினார். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு இறங்கி வந்ததும், மூடி போட்டிருந்தும், அவர் சட்டென்று குனிந்து வால்வைக் கையால் பொத்திக்கொண்டார்.

அம்மா வண்டிக்கு வைத்தாள். பிறகு, குனிந்தபடியே இருந்த அவர் நெற்றியிலும் ஒன்று. சில்லென்றிருந்ததோ என்னவோ, சாப் நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

அண்ணன் பதறி ஓடிப்போய் சீட்டை அமுக்கிப் பார்த்தான்.

முதலில் சிரித்தது நான்தான். மாடியிலிருந்து கௌர் ஆன்ட்டி எட்டிப் பார்க்கும் அளவுக்கு.