ஸ்கேலில் உட்காராத பாட்டு

ஜூலை 13, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். ஆராதனை முடிந்ததும் ஆயர் கூப்பிட்டார். அடுத்த ஞாயிறு ஆயாவுக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, முதலாம் ஆண்டு நினைவு. வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கம் எழுதி நான் வாசிக்க வேண்டுமாம். ஆயா சொந்தமாகக் கட்டிய பாட்டையும் பாட வேண்டும்.

வாங்க வேண்டியவை: கேக், மிக்சர், சாமந்தி, அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

வா. குறிப்புக்கு இதுவரை: பெயர் எஸ்தர். ஞானஸ்நானத்துக்கு முன் முனியம்மா. ஊர் கூரம். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. நடவு வேலை. ஐயம்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு ஞானஸ்நானம். நான்கு பிள்ளைகள். தாத்தா இறந்ததும் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் வேலை.

ரைஸ் மில்தான் ஆயாவின் உரத்த தொண்டைக்குக் காரணம். "மெதுவா பாடேன் ஆயா" என்றால், "மெஷினத் தாண்டிப் பாடிப் பழகிட்டேம்மா, கொறைக்க வரல" என்பாள்.

ஜூலை 15, செவ்வாய்

நான் வேலை செய்யும் புடவைக் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஒரே அம்மாவுக்கு நாற்பது புடவை பிரித்துக் காட்டினேன். "மாம்பழக் கலர்ல வேற இருக்குதா?" நாற்பதும் மாம்பழம்.

மாலை சர்ச்சில் ஒத்திகை. போனில் இருந்த ஆயா குரலைப் போட்டுக் காட்டினேன்.

நாத்து நட்ட கையப் புடிச்சு
நடக்க வெச்ச சாமி...

கீபோர்டு ஜெபா அண்ணன் நான்கு முறை கேட்டார். "இது எந்த ஸ்கேல்லயும் உக்காரலயே ஸ்டெல்லா. ரிதமும் புடிபடல."

அம்மா சிரித்துவிட்டாள். "அது நடவுப் பாட்டு தாளம்பா. எங்க மாமா பம்பையில அடிப்பாரு."

மாமா என்றால் ஆயாவின் தம்பி, கன்னியப்பன் தாத்தா. கூரத்தில் இருக்கிறார். அம்மன் கோயில்களில் பம்பை அடிப்பவர். எழுபத்திரண்டு வயது. சர்ச் வாசற்படி ஏறியதில்லை.

கமிட்டி டேனியல் அங்கிள் முகம் மாறியது. "பம்பை சாமி ஆடுறதுக்கு அடிக்கிற மேளம்மா. சபைக்குள்ள வேணாம்."

ஆயர் வாதாடவில்லை. "நீங்க அந்தப் பாட்ட ஒருவாட்டி பாடுங்க" என்றார். ஆயா வாத்தியமே இல்லாமல் பாடிக் கேட்டே அங்கிளுக்கு முழுப் பாட்டும் மனப்பாடம். இரண்டாவது வரியிலேயே கை பெஞ்சில் அதே தாளத்தைத் தட்ட ஆரம்பித்தது. அவரே பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"சரி, இந்த ஒரு பாட்டுக்கு மட்டும்" என்றார்.

ஜூலை 16, புதன்

அரை நாள் லீவு. கூரம். ஷேர் ஆட்டோவில் என் மடிமேல் யாருடைய பலாப்பழமோ.

கன்னியப்பன் தாத்தா வாசலில் பம்பைக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம ஆடி மொத ஞாயிறு தாயி. பதினோரு மணிக்கு இங்க அம்மனுக்கு கூழ் ஊத்துறாங்க, நான்தான் அடிக்கணும்."

"ஒன்பதரைக்கு உங்க பாட்டு முடிஞ்சிடும் தாத்தா."

கயிற்றையே இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அக்கா மதம் மாறுனப்ப நான் ஆறு மாசம் பேசல. தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. யாரும் சொன்னதில்லை.

"அந்த வருஷந்தான் அம்மன் கோயில்ல நான் மொதமொதல்ல தனியா அடிச்சேன். தாளம் தப்புது. கூட்டத்துல ஒருத்தனும் கண்டுக்கல. தெருக்கோடில ஒரு பொம்பள மட்டும் சரியான தாளத்துக்கு கைய தட்டிக்கினு நிக்குது. யார்னு பாத்தா அக்கா. கைக்கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினு ஐயம்பேட்டையிலருந்து வந்திருக்குது."

அந்தக் கைக்குழந்தை என் அம்மா.

"எத்தன மணிக்கு வரணும்?" என்றார்.

ஜூலை 19, சனி

லேசான தூறல். வா. குறிப்பு முடிந்தது. ஞானஸ்நானம் பற்றிய வரிக்குக் கீழே தெருக்கோடி விஷயத்தைச் சேர்த்தேன். அம்மா படித்தாள், தலைவாரப் போய்விட்டாள். வெகுநேரம் வாரினாள்.

எழுதாமல் விட்டவை: ஆயா படிக்கத் தெரியாவிட்டாலும் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் பாடுவாள், அது மரியாதையாம். "சேனைகளின் கர்த்தர்" என்று வந்தால் சேனைக்கிழங்கை நினைத்துக்கொள்வாள். ஜெபம் நீளமானால் என்னைக் கிள்ளிச் சிரிக்க வைத்துவிட்டு, தான் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஜூலை 20, ஞாயிறு

எட்டே முக்காலுக்கே தாத்தா வந்துவிட்டார். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், இடுப்பில் பம்பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "நெத்திய தொடச்சிடட்டுமா?"

ஆயர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் பெரியவரே. உள்ள வாங்க."

வாசித்தேன். தெருக்கோடி இடத்துக்கு வந்தேன். முன்வரிசையில் அம்மா தன்னை அறியாமல் கைதட்டினாள், தனியாக.

பிறகு பாட்டு. ஜெபா அண்ணன் கீபோர்டை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். தாத்தா முதல் அடி அடித்தார். சர்ச் ஜன்னல்கள் அதிர்ந்தன. நான் எடுத்தேன், ரொம்ப மேலே எடுத்துவிட்டேன். ஆயாவும் அப்படித்தான் எடுப்பாள், சபைக்கு அது பழக்கம். எல்லோரும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். மூன்று முறை பாடினோம். நான்காவது முறை ஆரம்பித்தவர் டேனியல் அங்கிள்.

எல்லாம் முடிந்தபோது மணி பத்தேகால். தாத்தாவுக்குப் பதற்றம், கூழ் ஊற்ற நேரமாகிவிட்டது. பஸ் இல்லை. அங்கிள்தான் வண்டியை எடுத்தார். "பெரியவரே, பம்பைய கெட்டியா புடிச்சிக்கோங்க." வெள்ளைச் சட்டைக்குப் பின்னால் மஞ்சள் வேட்டி பறக்க, இரண்டு பேரும் கூரம் போனார்கள்.

ஜூலை 21, திங்கள்

கால் வலி. தொண்டை கட்டிவிட்டது. கடையில் சைகையிலேயே இரண்டு புடவை விற்றேன்.

மதியம் ஆயர் போன். அடுத்த ஞாயிறும் தாத்தா வருவாரா என்று சபையில் கேட்கிறார்களாம். தாத்தாவுக்குப் போன் போட்டேன்.

"ஆடி முடியட்டும் தாயி. எல்லா ஞாயிறும் புக்கிங்."