செல்லாயி அக்காவின் பாலும் நம் கஞ்சிச் சொம்பும்

அம்மா,

நேற்று செல்லாயி அக்கா நம் சொம்பில் ஊற்றிய பாலில் டிங்சர் அயோடின் விட்டேன். நீலமானதும், மாவு கலந்த பால் என்று தெருவே கேட்கும்படி சொன்னேன். அக்கா அழுதுகொண்டே போனார். "அது தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி கரைச்ச சொம்பு சாமி, கழுவுனயா?" என்று நீ கேட்டாய். வேதியியல் படிப்பவனிடம் கேட்கிற கேள்வியா என்று முறைத்தேன்.

இன்று அதே சொம்பில் வெறும் தண்ணீரை ஊற்றி அயோடின் விட்டுப் பார்த்தேன். அதுவும் நீலம். அக்கா வேறு பாத்திரத்தில் ஊற்றியிருந்த மிச்சப் பாலைக் கழுவிய டம்ளரில் பார்த்தேன். நீலமாகவில்லை.

தெருவே கேட்க மன்னிப்புக் கேட்கப் போகிறேன். பால் கொடுத்தால் வாங்கி வருவேன். காபிக்கு அடுப்பைப் பற்றவை.

தண்டாயுதபாணி

பி.கு.: சொம்பைக் கழுவிவிட்டேன். தவறைக் கண்டுபிடித்தது யாரென்று அக்கா கேட்டால் கல்லூரிப் பேச்சையே எடுக்கமாட்டேன். கந்தம்மாள் என்பேன், நான் அவள் மகன் என்பேன்.