சொன்னேனா, இல்லையா

ஜூன் 3

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

தங்கை வீட்டில் எல்லோரும் நலம். போனில் சொன்னால் நாளைக்கே "நீ சொல்லவே இல்லையே" என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு மறதி முற்றிவிட்டதென்று இரண்டு வருடமாகச் சொல்கிறீர்கள். கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டேன். இன்று இங்கே ஒரு டாக்டரம்மாவிடம் போனேன்; மறதி நோய்தானா என்று பார்க்க முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். கேள்விக்குறி போலச் சுருண்டு படுக்க வேண்டும். இடுப்புப் பக்கம் ஊசி. மூளையைச் சுற்றியிருக்கும் அதே நீர்தானாம். முடிவு வரக் கொஞ்ச நாளாகும். அதுவரை பயம்தான். கோபத்தோடு வேன் ஓட்டாதீர்கள்.

உங்கள் டீச்சர்

ஜூன் 8

அன்புள்ள டீச்சருக்கு,

பயப்படாதே. முடிவு எதுவானாலும் உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் இப்போதாவது ஒப்புக்கொள். கேஸ் தீர்ந்துவிட்டதாக என்னிடம் சொன்னேன் என்றாய், நீ சொல்லவில்லை. தங்கை ஊருக்கு வருகிறாள் என்று சொன்னேன் என்றாய், அதையும் சொல்லவில்லை. நான் கத்தியது தப்புதான். அதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்களா? இத்தனை வருடம் பள்ளி வேன் ஓட்டுகிறேன், என் மண்டையில் ஒரு நட்டுகூடக் கழலவில்லை.

வீடு வெறிச்சென்று இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 15

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

முடிவு வந்துவிட்டது. உட்கார்ந்து படியுங்கள்.

அந்த நீரில் முக்கியமாக இரண்டு புரதங்களைப் பார்ப்பார்களாம். ஒன்று அமிலாய்டு. மறதி நோய் இருந்தால் அது மூளையிலேயே படிந்துபோய், நீரில் குறையும். வகுப்பில் தலை குறைந்தால் பிள்ளைகள் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? இன்னொன்று டாவ். நரம்பு சிதையும்போது அது நீரில் கூடும். சாக்பீஸ் தேயத் தேயப் பலகைக்கடியில் தூள் சேருமே, அதுபோல. எனக்கு முதலாவது குறையவில்லை, இரண்டாவது கூடவில்லை. ஞாபகப் பரீட்சையிலும் தேறிவிட்டேன்.

தங்கை கைதட்டினாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நம் சண்டைகளை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர், "அப்ப மறக்கறது யாரும்மா?" என்று கேட்டார்.

உங்களைத் தோற்கடிக்க இதை எழுதவில்லை. உங்களுக்கும் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வேன் நிறையப் பிள்ளைகள். நீங்களும் பரிசோதனை செய்துகொள்ளும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

உங்கள் டீச்சர்

ஜூன் 22

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். உன்மேல் இருந்த ஆத்திரத்தில் மறுநாள் வேண்டுமென்றே வண்டியை எடுத்தேன்.

தண்ணீர்த்தொட்டி முனையில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "லெப்ட்டு மாமா" என்று கத்தினார்கள். தினமும் கத்துவதுதான். விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் வண்டியை ஓரம் கட்டி, ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று கேட்டேன்.

"சொல்லலேன்னா நீங்க ரைட்ல போயிடுவீங்களே மாமா" என்றாள் முன்சீட்டுப் பாப்பா.

அங்கேயே நின்று வேறு டிரைவரை வரவழைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

அந்த டாக்டரம்மாவிடம் எனக்கும் ஒரு தேதி வாங்கு. ஊசி என்றால் எனக்கு உதறும், உனக்குத் தெரியும், பக்கத்திலேயே இரு. முடிவு எப்படி வந்தாலும் சரி, இனிமேல் நீ சொன்னேன் என்றால், சொன்னாய்தான்.

உன் வீட்டுக்காரன்