பாய் சரக்கில் எண்ணெய்

12 நவம்பர் 2007, திங்கள்

பம்மல் பஷீர் பாய் எங்கள் கம்பெனிக்கு விற்கக் கொண்டுவந்த பிளாஸ்டிக் குருணையை இன்று திருப்பி அனுப்பிவிட்டேன். என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஐ.ஆர். மெஷினில் சாம்பிளை வைத்து மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் கிராஃபில் எண்ணெய் இருப்பதைக் காட்டும் மேடு, பீக்.

"நான் போய் இன்னாத்த கலக்கப் போறேன் மேடம்?" என்றார் பாய். நான் கிராஃபை நீட்டினேன்.

இப்போது வீட்டில் தலை வாரும்போது விரலெல்லாம் தேங்காய் எண்ணெய். காலையிலும் எண்ணெய் தடவித் தலை பின்னிக்கொண்டு, கைகூடக் கழுவாமல் தாம்பரத்தில் ரயிலைப் பிடிக்க ஓடினேன். லேபில் கையுறை போட்டேனா? ஞாபகமே வரவில்லை. போடவில்லை என்றால், மூன்று முறையும் சாம்பிளைத் தொட்டது இதே கை.

எடுத்துவைத்த சாம்பிளை நாளை கையுறையோடு பார்க்க வேண்டும். பீக் வராவிட்டால் பாய் முகத்தில் எப்படி முழிப்பேன்? வந்துவிட வேண்டும் என்றுதான் மனசு வேண்டிக்கொள்கிறது. அவர் கலப்படம் செய்திருக்க வேண்டுமென்றா வேண்டுகிறேன்?