ஜீப்புக்கு எட்டு அங்குலத்தில் ஒரு படி

3.11.2009, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. பெரியவனுக்குச் சளி.

இறால் குட்டையிலிருந்து காக்கா ஓட்டிவரும்போது ஜீப் கரையில் சறுக்கி, கதவுக்குக் கீழ்த் தகடு உள்ளே போய்விட்டது. இது மூன்றாவது தடவை. கூடப்பிறந்த அண்ணன் என்றும் பார்க்காமல் திட்டினேன்.

"சும்மா கத்தாத. ரெண்டு பக்கமும் ராக் ஸ்லைடர் போட்டுட்டா தீந்துச்சு. தடி பைப்பு, சேஸிஸோட சேத்து வெல்டிங். கரையில உரசுனாலும் பைப்பு தாங்கிக்கும், தகட்டுக்கு ஒண்ணும் ஆவாது" என்கிறார். கடலூர் முதுநகரில் ஒரு மேஸ்திரி செய்கிறாராம். நெட் சென்டரில் படம்கூட எடுத்து வைத்திருக்கிறார். இவ்வளவு அக்கறை எதற்கு? விசாரித்தால் மேஸ்திரியும் காக்காவும் ஒரே பள்ளிக்கூடம். சரிதான்.

5.11, வியாழன்

மழை விட்டது. வாங்க வேண்டியது: சீரகம், சோப்பு, பெரியவனுக்கு ஷூ.

துபாயிலிருந்து வீட்டுக்காரர் போன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருகிறார், 25ஆம் தேதி. இரண்டு வருஷம் கழித்து! சந்தோஷமாகத்தான் இருந்தது, ஜீப் பேச்சு வரும்வரை. ஸ்லைடர் என்று சொன்னதும் குரலே மாறிவிட்டது.

"அதெல்லாம் வாணாம் புள்ள. சைடு ஸ்டெப்பு போடு. தரையிலேர்ந்து எட்டு அங்குலம், அதுக்கு மேல போவக் கூடாது. மொதல்ல இடது பக்கம். புடிச்சு ஏற ஒரு கம்பியும்."

"தாழ்வா போட்டா கரையில மாட்டிப் பிச்சுக்கும்னு காக்கா சொல்றாரு மச்சான்."

"பிச்சுக்கிட்டா வேற போட்டுக்கலாம். நீ ஏற எவ்ளோ கஷ்டப்படுற."

நானா? கல்யாணமாகிப் பதினோரு வருஷம். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொத்தி ஏறுகிறேன். ஒரு நாள் கை கொடுத்ததில்லை மனுஷன். இப்போது துபாயிலிருந்து என் கால் தெரிகிறதாம். யார் காதில் பூ சுற்றுகிறார்?

ஓட்டுகிறவர் வலது பக்கம் ஏறுவார். அப்படியானால் இடது பக்கம் ஏறப்போவது யார்?

8.11, ஞாயிறு

சோறு இறங்கவில்லை. யோசித்ததில் தோன்றியவை:

– ஜீப்பை விற்கப் பார்க்கிறார். படி போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும். அப்படியென்றால் என்னிடம் சொல்ல என்ன?

– ரமலான் பெருநாளைக்குப் போட்டோ அனுப்பவில்லை. வருஷா வருஷம் புதுச்சட்டை போட்டு நின்று எடுத்து அனுப்புவார். கேட்டதற்கு, கேமரா ரிப்பேர்.

– ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாமாம். கடலூர்க்காரர் ஒருவரோடு வேனில் வந்து கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் இறங்கிக்கொள்வாராம். அங்கே ஜீப் வந்தால் போதுமாம். ஏன், ஏர்போர்ட்டுக்கு வந்தால் நான் யாரைப் பார்த்துவிடுவேன்?

எதிர்வீட்டு ஜுலைகா வேறு. "எங்க சின்னம்மா மவனும் இப்டித்தான். யாரும் வராதீங்கன்னான். கடைசில பாத்தா அங்கயே ஒருத்திய நிக்காஹ் பண்ணி கையோட கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறான்." இவளை யார் கேட்டது? இதைச் சொல்லிவிட்டுக் கிண்ணத்தில் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

13.11, வெள்ளி

காக்கா ஜும்ஆவுக்குக் கிளம்பியதும் துபாய் ரூமுக்கு நானே போன் போட்டேன். கூடத் தங்கியிருக்கும் பண்ருட்டிக்காரர் எடுத்தார்.

"பாய் டூட்டிக்குப் போயிருக்காரும்மா."

"வெள்ளிக்கிழமையா? அங்க லீவுதானே?"

"அது வந்து... ஓவர்டைம்மா."

பின்னால் இவர் குரல், "யாருப்பா?" என்று. வைத்துவிட்டேன். அறைக்குள்ளேயே இருந்துகொண்டு இல்லை என்று சொல்லச் சொல்கிறாரே! அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு ரசம் வைத்தேன். உப்பு ஜாஸ்தி.

14.11, சனி

காக்காவோடு முதுநகர். வெல்டிங் புகை, மீன் வாடை, தலைவலி. மேஸ்திரி இரண்டையும் எடுத்துக் காட்டினார். படி நன்றாகத்தான் இருந்தது, பூப்போட்ட தகடு, கால் வழுக்காது. ஸ்லைடர் பைப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். மெலிசுப் பைப்பைத் தலையில் கட்டிவிடுவார் என்று பயம். இல்லை, கனமான பைப்தான்.

"இது மேல ஒட்னாப்புல நிக்கும்மா. ஏறதுக்கு ஒத்தாசையா இருக்காது. வூட்ல வயசானவங்க, முடியாதவங்க யாருனா ஏறுவாங்களா?"

"யாரும் ஏற வேணாம். ஸ்லைடரே போடுங்க. எவ்ளோ ஒசரமா வருமோ அவ்ளோ ஒசரமா போடுங்க."

காக்கா என்னைப் பார்த்தார். "மச்சான் படிதானே கேட்டாரு?"

"கரையில ஓட்டுறது நீங்களா அவரா?"

காக்கா மேஸ்திரிக்கு முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

17.11, செவ்வாய்

சின்னவன் கணக்கில் நாற்பது. உதைக்க வேண்டும்.

இவர் போன். "படி போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"எட்டு அங்குலமா? அளந்து பாத்தியா?"

"அளந்தேன். எட்டுதான்."

"அல்ஹம்துலில்லாஹ்." பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. ஒரு படிக்கு இவ்வளவு நிம்மதியா? வரட்டும். அவளும் வரட்டும். எப்படி ஏறுகிறாள் என்று பார்க்கிறேன்.

25.11, புதன்

தூறல். மதியமே மஞ்சக்குப்பம் போய்க் காத்திருந்தோம். மூன்றரைக்கு வேன். கதவு திறந்ததும் நான் இவரைத் தேடவில்லை. இவருக்குப் பின்னால் யார் என்றுதான் எட்டி எட்டிப் பார்த்தேன். கடலூர்க்காரர், டிரைவர், பெட்டிகள். வேறு யாரும் இல்லை.

அப்புறம்தான் இவரைப் பார்த்தேன். அக்குளில் ஊன்றுகட்டை. வலது கால் மடங்கவே இல்லை. ஏப்ரலில் வேலை செய்கிற இடத்தில் சாரம் சரிந்துவிட்டதாம். காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்களாம். இனி வண்டி ஓட்ட முடியாதாம். "போன்ல சொன்னா நீ அழுதுக்கிட்டே கெடப்ப. நேர்ல சொல்லிக்கலாம்னுதான்."

ஜீப்பின் இடது பக்கம் வந்து நின்றார். ஸ்லைடர் அவருடைய முழங்காலுக்கு மேலே இருந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, குனிந்து பைப்பைத் தடவினார். "வெல்டிங் சுத்தமா பண்ணிருக்கான்" என்றார். நிமிர்ந்து, மெதுவாக, "எட்டு அங்குலம்னு சொன்னியே புள்ள."

காக்காவும் வேன் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் ஊர் சிதம்பரம் வரும்வரை ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை, ஏன் பொய் சொன்னாய் என்று. கேட்டுவிட்டால் தேவலை. கேட்டால் நான் என்ன சொல்வேன்? கூட ஒருத்தி வருவாள், அவள் ஏறக் கூடாது என்று போட்டேன் என்றா?