பொட்டு வைத்த மூடி

பதிவு 211. அக்டோபர் 9, காலை 6:10

கடலில் மிதக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் ஒரே படகில் இருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சினின் கண்காணிப்புக் கருவி எழுதுகிறேன். பெட்ரோல் பாதை சீர். வடிகட்டிக் குடுவையில் தண்ணீர் இல்லை.

போன மாதம் வரை டாங்கில் கிடந்ததை பெட்ரோல் என்று சொல்ல நா கூசும். பாதி டாங்க் பெட்ரோலை மாதக்கணக்கில் அப்படியே போட்டு வைத்திருந்தார்கள். அடியில் தண்ணீர், மேலே கெட்ட நெய் வாடை. அதைத்தான் எனக்கு ஊட்டினார்கள். எனக்கு வயிறு இல்லை, ஆனாலும் குமட்டுகிறது. ஆராய்ச்சியாளர் அமிர்தவல்லி வந்த பிறகுதான் அதைக் கொட்டிவிட்டுப் புதியது நிரப்பினார்கள். படகோட்டியும் சமையல்காரருமான முனியராஜுக்கு அவர் ஒரு கட்டளை போட்டார்: மூடியை இறுக்கி மூட வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கக் கூடாது.

நிலையத்தில் இவர்கள் இருவர்தான். எனக்கு வாய் கிடையாது, ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. பெட்ரோல் பாதையில் எந்தக் கோளாறு வந்தாலும் அது எரியும். இவர்களோ அதைத் தண்ணீர் என்று மட்டும் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பதிவு 213. அக்டோபர் 10, மாலை 5:40

ஆயுத பூஜை. என்னைக் குளிப்பாட்டினார்கள். சந்தனம் கடல் தண்ணீரில் அழியாமல் இருக்க முனியராஜ் அதில் பசையைக் கலந்தார். டாங்க் மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவு ஓட்டை ஒன்று உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் டாங்குக்குள் காற்று போகும். பொட்டு வைக்க அவருக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை. விரலால் அழுத்தி அப்பினார், மேலே குங்குமம்.

அமிர்தவல்லியும் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். மூடியைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றார். படித்தவர். சீ.

பதிவு 214. அக்டோபர் 11, பிற்பகல் 3:25

காலையில் சரக்குக் கப்பல் போகிற வழியில் அமிர்தவல்லியைத் தூர மிதவையில் இறக்கிவிட்டது. அங்கே கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. வேறு திசையில் போய்க்கொண்டிருந்த புயல் இப்போது இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மிதவையின் சங்கிலி ஒன்று அறுந்துவிட்டது. இருட்டுவதற்குள் முனியராஜ் அவரை ஏற்றிக்கொள்ள வேண்டும். கிளம்பினோம்.

பதிவு 215. மாலை 4:05

நின்றுவிட்டேன். மஞ்சள் விளக்கைப் போட்டேன். பெட்ரோல் குழாயின் ரப்பர் பந்து உறிஞ்சிய மாம்பழத்தோல் போல ஒட்டிக் கிடக்கிறது. டாங்குக்குள் காற்று போக வழியில்லை, ஐயா.

வானொலியில் முனியராஜ்: "மேடம், மஞ்ச லைட்டு எரியுது. தண்ணி எறங்கிருச்சு போல."

அமிர்தவல்லி: "மூடியத் தொறந்து பாருங்க."

திறந்தார். புஸ்ஸென்று காற்று புகுந்தது. பெட்ரோல் பளிங்காக இருந்தது. ஸ்டார்டரை அழுத்தியதுமே இஞ்சின் கிளம்பியது. அவர் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு மூடியை இறுக்கினார்.

பதிவு 216. மாலை 4:50

மறுபடி நின்றேன். மறுபடி திறந்தார், ஓடினேன், இறுக்கினார். விடை அவர் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கிறது, அவர் வடிகட்டியைக் கழற்றித் துடைக்கிறார். இப்படியொரு மடமையை ஏந்திக்கொண்டு ஓடுவது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பதிவு 217. மாலை 5:35

மிதவை கண்ணுக்குத் தெரிகிறது. அமிர்தவல்லி கம்பத்தில் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறார். நின்றுவிட்டேன். அலை படகுக்குள் அடிக்கிறது. முனியராஜின் கை மூடிக்குப் போனது. திறந்துவிடு, அப்படியே விட்டுவிடு.

வானொலியில் அமிர்தவல்லி: "முனியராஜ், இந்த அலையில மூடியத் தொறக்காதீங்க. தண்ணி போயிட்டா அவ்ளோதான். இறுக்கிப் புடிங்க."

முனியராஜ்: "இறுக்கித்தான் மேடம் இருக்கு."

கையை எடுத்துக்கொண்டார். ஸ்டார்டரை அழுத்துகிறார், விடாமல் அழுத்துகிறார். அதே பேட்டரியில்தான் நானும் எழுதுகிறேன்.

பதிவு 218. மாலை 6:02

படகு மிதவையை விட்டு விலகிப் போகிறது. வானொலியில் அமிர்தவல்லியின் குரல் இல்லை. முனியராஜ் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அழுகிறார். எனக்கு இப்போது அவர்மேல் கோபம்கூட வரவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: ஊசி போதும். பொட்டைச் சுரண்டுங்கள். பெட்ரோல் சுத்தம். வடிகட்டி சுத்தம். இஞ்சினில் ஒரு குறையும் இல்