நான் சொல்லாமல் விட்ட பை

எதிலும் கடைசிச் சொல்லை எனக்கு விட்டுத்தராத என் தயாக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம், உங்கள் ஆட்டைத் திவசம் போன மாதம் முடிந்தது. படையலில் உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தோம், உப்புக் கூடிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் வாயில் வைக்கும் முன்பே சொல்லியிருப்பீர்கள். ஜெர்மனியின் பான் நகரில் நாம் இருவரும் வாடகைக்கு எடுத்த சின்ன அலுவலகத்தின் கதவில் இன்னும் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. உங்கள் பெயரைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக நம் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, நகரசபை என்று அழைக்கிற இடங்களுக்குப் போவோம். நிறத்தாலும் பிறப்பாலும் ஒதுக்கப்படுகிறவர்களையும் ஒதுக்குகிறவர்களையும் ஒரே வட்டத்தில் இருத்திப் பேசவைப்போம். நீங்கள் வைத்த சட்டம் ஒன்றுதான். ஒருவர் பேசியதை அடுத்தவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இதைத்தான் சொன்னேன் என்று பேசியவர் ஒப்புக்கொண்ட பிறகே மற்றவர் தன் கதையைத் தொடங்கலாம். "பதில் சொல்லுறது லேசு. திருப்பிச் சொல்லுறதுதான் கஷ்டம்" என்பீர்கள்.

அந்தச் சட்டத்தை மீறியவள் நான். போன வருடம், அந்த முதியோர் இல்லத்தில். உங்களுக்கு அப்போதே உடம்பு சரியில்லை. குளிரங்கியைக் கழற்றாமலே இருந்தீர்கள். சமையலறையில் வேலை செய்யும் சிவமலர் அக்கா, ஜெர்மன் சரியாக வராது என்று தமிழில் பேசினார்.

"ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு போகேக்கை என்ரை பையை மட்டும்தான் திறந்து பாக்கினம். வேறை ஒருத்தற்றை பையையும் தொடுறேல்லை. அப்ப நான் சுவர் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிப்பன். அதைப் பாக்காட்டி அழுதிடுவன்."

அதை ஜெர்மனில் திருப்பிச் சொல்ல வேண்டியவள் நான். பையைத் திறக்கிற ரெனாட்டா, சமையலறைப் பொறுப்பாளர், எனக்கு நேரெதிரே இருந்தார். "தன்னை இன்னும் கொஞ்சம் நம்ப வேண்டும் என்று அவர் விரும்புகிறார்" என்றேன். அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன். சிவமலர் அக்கா "ஓம்" என்று தலையாட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், கேக் வெட்டினார்கள். அழைத்தவர்கள் முகம் சுளித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்துக்கு நாகரிகம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் கண்ணை மூடியபடியே கேட்டீர்கள். "நிர்மலா, அந்தப் பையை எங்கையடி வைச்சனி?"

நான் அடுத்த நிலையம் எது என்று வெளியே எட்டிப் பார்த்தேன். மூன்று கிழமையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன செவ்வாய் அதே இல்லம் மறுபடி அழைத்தது. இதோடு அலுவலகத்தை மூடிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். மத்தியானம், நல்ல வெயில், ஒன்பது பேர். சிவமலர் அக்கா வாய் திறக்கவேயில்லை. பாத்திரம் கழுவும் போலந்துக்காரி வேலை நேரம் ஒழுங்காகப் பிரிக்கப்படவில்லை என்று குறை சொன்னாள். அதை ரெனாட்டா திருப்பிச் சொல்ல வேண்டும்.

ரெனாட்டா அவளைப் பார்த்துத் தொடங்கினார். "நீங்கள் சொன்னது இது. ஒவ்வொரு நாளும் என் பையை மட்டும்தான் திறந்து பார்க்கிறார்கள். அப்போது நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதைப் பார்க்காவிட்டால் அழுதுவிடுவேன்."

பை திறந்தது அவருக்குத் தெரியும். திறந்ததே அவர் கைதானே. ஆனால் அந்த அழுகை எப்படித் தெரியும்? போன வருடம் அந்த அறையில் தமிழ் விளங்கியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவரைத் தகனத்துக்கு அனுப்பிவைத்தவள் நான்.

"இதை யார் சொன்னது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

ரெனாட்டா வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "இப்போதுதானே ஒருவர் சொன்னார்?"

"நானும் கேட்டேன்" என்றாள் போலந்துக்காரி மெல்ல. "ஆனால் அது ஜெர்மன் இல்லை."

இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தார். எனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் அக்கா? உங்கள் குரலில் ஒரு சொல்லாவது என் காதில் விழவிட்டிருக்கக் கூடாதா? என்மேல் அவ்வளவு கோபமா?

ஆனாலும் சொன்னேன், முதலில் ஜெர்மனில், பிறகு தமிழில். சிவமலர் அக்கா போன வருடமே இதைச் சொல்லிவிட்டார், மறைத்தவள் நான் என்றேன். ரெனாட்டா முகத்தைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கு யாரும் கேக் வெட்டவில்லை.

கூட்டம் முடிந்ததும் வாசலுக்குப் போனேன். அங்கே சிவமலர் அக்கா பையைத் திறந்து பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பார்க்க ஒருவரும் வரவில்லை. "பழகிப் போச்சு" என்று சொல்லி மூடினார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் தங்கச்சி" என்றார். "பாஷை விளங்காட்டியும் அளவு விளங்கும்தானே? நான் சொன்னது எவ்வளவு! நீங்கள் சொன்னது இத்தினி."

"பிறகேன் ஓம் எண்டு தலையாட்டினனீங்கள்?"

"நீங்கள் ரெனாட்டாவின்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தனீங்கள். என்னை விட நீங்கள்தான் பயந்து போயிருந்தனீங்கள். பாவமாக் கிடந்தது."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. அவருக்காகப் பேச என்று போனவள் நான். என்னைக் காப்பாற்றிவிட்டு, ஒரு வருடமாக ஒவ்வொரு நாளும் அந்தப் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அலுவலகத்தை மூடவில்லை. வருகிற கிழமை ஒரு தொழிற்சாலைக்குப் போகிறேன். எதிரில் யார் இருந்தாலும், அதற்குப் பிறகு எங்களை ஒருவரும் அழைக்காவிட்டாலும், சொன்னவர் சொன்ன அளவுக்குக் குறையாமல் சொல்வேன். இது உங்கள்மேல் சத்தியம்.

ஆறுதலாக இருங்கள் அக்கா. இனி நீங்கள் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
நிர்மலா
பான்